இதரச் செலவு

நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்வதில்லை.
முதல் மரக்கால் லாபம்,
அப்புறம்தான் இரண்டு, மூன்று.
என் பாட்டை முதன்முதலில் யாரோ கேட்ட ராத்திரி
நானும் திரையைப் பார்த்து, லாபம் என்றேன்.
சூசை சிரித்தான்:
"அது நீதான். உன்னோட இன்னொரு போன்."

காரைக்குடி, செக்காலை ரோடு, ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஓர் அறை.
வாடகை மூவாயிரத்து இருநூறு.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
கீழிருந்து வரும் மெஷின் சத்தத்தை அது தடுக்காது,
தடுக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வரும்.
ஒரு தடவை கேட்டால்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு ரூபாய்.
எங்கள் கோயில் கணக்கில்
கல்யாணமான ஆண்தான் புள்ளி.
அதில் நான் கிடையாது.
இதில் புள்ளி இருக்கிறது,
அதற்குப் பின்னால்
ஒரு பூஜ்யத்தைத் தாண்டி
எட்டாக நிற்கிறேன்.

சனிக்கிழமை கானாடுகாத்தான் ஹோட்டலில் வாசித்தால்
இரண்டாயிரத்து ஐநூறு, சாப்பாடு உண்டு.
"மெல்ல வாசிங்க, கெஸ்ட் சாப்பிடறாங்க."
ஒரு வெள்ளைக்காரர் கரண்டியால் தட்டில் தாளம் போட்டார், தப்பாக.
சூசை அவர் தாளத்துக்கே மாறிக்கொண்டான்.
நல்ல டிப்ஸ்.
சீப்புச்சீடைக் கடை விளம்பரத்துக்கு முப்பது விநாடி:
பாதி பணம், பாதி சீடை.
இருநூறு ரூபாய் விலை போட்ட ஆல்பத்துக்கு
பினாங்கிலிருந்து யாரோ ஒருத்தி இரண்டாயிரம் அனுப்பினாள்.
ஒரு வரிகூட எழுதவில்லை.
அன்றைக்கே கித்தாருக்குக் கம்பி மாற்றினேன்.

வைகாசியில்
பள்ளத்தூர்க் கல்யாண வீடியோ ஒன்று கண்ணில் பட்டது.
மாப்பிள்ளை படியேறுகிறார், மிக மெதுவாக,
என் மெட்டில்.
வீடியோக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"நெட்ல கிடந்துச்சுங்க."
கிடந்ததாம்.
பஸ் ஸ்டாண்டில் ஒற்றைச் செருப்பு கிடக்குமே, அப்படி.

பில் எழுதினேன். ஏழாயிரத்து ஐநூறு.
ஐநூறை அடித்தேன்.
வேறு தாளில் மறுபடி ஐநூறோடு எழுதினேன்.
மாப்பிள்ளையின் அப்பா முத்துக்கருப்பன்
இரண்டு தரம் படித்தார்.
"இது உன்னுதுன்னு எப்படி நம்புறது?"

ஹெட்போனை நீட்டினேன்.
ஒரு நிமிஷம் பதினாலாவது விநாடியில்
தூரத்தில் ராமேஸ்வரம் ரயில் ஊதும்,
அதற்குக் கீழே, கவனமாகக் கேட்டால்,
சூசையின் தும்மல்.
"எவ்வளவோ பாத்தேன், எடுக்க முடியல."
அவர் கண்ணை மூடிக் கேட்டார்.
பிறகு வீடியோவை ஓட்டி, படியேறும் இடத்தில் நிறுத்தினார்.
"அட,
இத்தனை நாளா பெரியப்பச்சி தும்முனாகன்னு
வீட்ல எல்லாரும் பேசிக்கிட்டிருக்கோம்."

கல்யாண நோட்டைப் பிரித்தார்.
பந்தல். பூ. ஐஸ். வாழையிலை.
ஜெனரேட்டர் டீசலுக்குக்கூடத் தனி வரி.
"இதரச் செலவுல போட்டுடவா?"
வேண்டாம் என்றேன்.
கேட்டதைவிடச் சத்தமாக வந்துவிட்டது.
உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.
அவர் பேனாவை உதறி
டீசலுக்குக் கீழே எழுதினார்:
இசை, உமையாள், செக்காலை ரோடு, 7501.
"ஒத்தை ரூபா இருக்கணும்ல."

சூசைக்குப் பாதி.
"தும்மலுக்குத் தனியா இல்லையா?" என்றான்.
வாடகை போக மிச்சத்தை எண்ணவில்லை.
வரும்போது பஸ்ஸில்
அந்த ஒற்றை ரூபாயைத்தான் கணக்குப் போட்டிருந்தேன்.
அதைச் சம்பாதிக்க
யாராவது என் பாட்டைப் பன்னிரண்டரைத் தடவை கேட்க வேண்டும்.
பன்னிரண்டு பேரை விடுங்கள்.
அந்த அரை ஆள் யார்,
எந்த இடத்தில் நிறுத்தினார்,
ரயிலுக்கு முன்னாலா, பின்னாலா?